மழை பெய்யாத ஊர் என்று சொல்லியிருந்தான்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சோபா கிடக்கிறது. சிவப்பு ரெக்ஸின் போட்டது. வீட்டுக்காரம்மா டோனியா எல்சா அதை எப்போது அங்கே ஏற்றிவைத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. பக்கத்து மாடியில் மரக்கட்டில், அதற்கடுத்த மாடியில் அட்டைப்பெட்டிகள், பழைய தையல் மெஷின், ஒரு நாய். எதன்மேலும் தார்ப்பாய் கிடையாது. லிமாவுக்கு வந்த புதிதில் நான் மாடிக்குப் போய் அந்தச் சோபாவை ஓரமாக இழுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடினேன். மறுநாள் அவர் அதை எடுத்து மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். மழை வந்தால் நனைந்துவிடுமே என்றேன், தெரிந்த நாலைந்து ஸ்பானிஷ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு. அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதோ ஒரு வார்த்தையைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, என் தோளில் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அதன் தலைநகரம் லிமா. கடலோரத்தில், பாலைவனத்தில் கட்டிய பெரிய நகரம். இங்கே மழை பெய்வதில்லை. குளிர்கால மாதங்களில், அதாவது நம் ஆனி ஆடியில், வானம் சாம்பல் நிறத்தில் தாழ இறங்கிவந்து அப்படியே நின்றுவிடும். காற்றில் ஈரம் தொங்கும். துவைத்த துணி நாலு நாள் ஆனாலும் காயாது. விடியற்காலையில் பொடிப்பொடியாக ஏதோ முகத்தில் படும். கையை நீட்டினால் நனையாது. அதற்குக் கரூவா என்று பெயர். தெருவிலிருக்கும் மரங்களுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். கோடையில், நம் மார்கழியிலிருந்து பங்குனி வரை, நல்ல வெயில். கடற்கரை முழுக்க ஜனம். மழை என்பதை இந்த ஊர்க் குழந்தைகள் டிவியில்தான் பார்க்கின்றன.

நான் ராஜபாளையத்துக்காரன். பஞ்சு மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவன். பெருவில் பருத்தி நன்றாக விளைகிறது, நூற்பாலைகளும் இருக்கின்றன, நம் பக்கத்து மெஷின்களை வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று ஒரு ஏஜென்சி மூலமாக வந்தேன். மனைவி ஷமீமாவும் மகளும் ஊரில். நான் வந்த மறு வருஷம் அதே மில்லுக்கு வைத்தியநாதன் வந்து சேர்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். அங்குள்ள கோவில் சாமியின் பெயர்தான் அவனுக்கும். எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் அரை மணி நேர பஸ் பயணம். ஒரே பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்போமோ, பார்த்துக்கொண்டது லிமாவில்தான். டோனியா எல்சா வீட்டில் எனக்கு அடுத்த அறையை எடுத்துக்கொண்டான். என்னைவிட வயதில் சின்னவன், கல்யாணம் ஆகவில்லை. என்னை 'பாய்' என்று கூப்பிடுவான். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு 'வ' வராது, 'ப' மாதிரிதான் ஒலிக்கும். அதனால் மில்லில் அவன் பெயர் பைத்தி என்று ஆகிவிட்டது. "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கானுவ பாய்" என்று சொல்லிக்கொள்வான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது கோஸ்தா, சியர்ரா, செல்வா என்ற மூன்று வார்த்தைகளை. கடற்கரை, மலை, காடு. மேற்கிலிருந்து கிழக்கே போனால் இந்த மூன்றும் வரிசையாக வரும். கடற்கரையில் மழையே இல்லை. அங்கிருந்து காலையில் காரில் கிளம்பினால் மதியத்துக்குள் மேகத்துக்கு மேலே போய்விடலாம். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், கோகா இலையை வாயில் அதக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மலையில் மே முதல் செப்டம்பர் வரை துளி மேகம் இருக்காது. பகலில் வெயில் சுடும், இரவில் வாளித் தண்ணீர் உறைந்துபோகும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை. மலையைத் தாண்டி இறங்கினால் காடு. அங்கே வருஷம் முழுக்க ஏதாவது பெய்துகொண்டிருக்கும். ரோடு சேறாகிவிடும் மாதங்களில் ஆற்றில் படகு ஓடும். ஆறு வற்றும் மாதங்களில் படகு மணலில் தட்டி நிற்க, லாரிகள் ஓடும். இந்த மூன்று பக்கத்து மனிதர்களும் ஒரே பாஷை பேசினாலும், ஒரே சொல்லுக்கு ஒரே அர்த்தம் கிடையாது. 'இன்வியெர்னோ' என்றால் குளிர்காலம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். லிமாவில் அது ஜூன், ஜூலை. மலைக்காரர்களோ மழைக்காலத்தைத்தான் இன்வியெர்னோ என்பார்கள். அதாவது ஜனவரி, பிப்ரவரி. லிமாக்காரன் கடலில் குளித்துக்கொண்டிருக்கும் மாதங்கள்.

வைத்திக்கு ஊர் சுற்றுவது பிடிக்கும். லீவு கிடைத்தால் நான் தூங்குவேன், அவன் பஸ் ஏறிவிடுவான். ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனான். மலையேறி இறங்கி, ஒரு நாள் முழுக்க பஸ், பிறகு படகு. படகில் எல்லாரும் அவரவர் தூளியைக் கட்டிக்கொண்டு படுத்துக்கிடந்தார்கள். நாங்களும் சந்தையில் இரண்டு தூளி வாங்கிக் கட்டினோம். கரையில் மாமரம், வாழை, தகரக் கூரை வீடுகள். மத்தியானம் மழை பிடித்தது. லிமாவுக்கு வந்தபின் நான் பார்த்த முதல் மழை. வைத்தி படகின் முன்பக்கம் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். "எம்புட்டு நாளாச்சு பாய்" என்றான். அங்கிருந்தே அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பார்த்தான். சிக்னல் இல்லை. லிமாவுக்குத் திரும்பிய பிறகு பேசியபோது படகைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆற்றில் போனேன் என்றால் பயந்துவிடுவார்கள் என்றான். அம்மாவுக்கு அவன் சொல்லிவைத்திருந்ததெல்லாம் லிமாவைப் பற்றித்தான். இங்கே மழையே பெய்யாது, குடை விற்க மாட்டார்கள், துவைத்த துணியை ராத்திரியும் வெளியே போட்டு வைக்கலாம் என்பான். சில சமயம் போனை என் பக்கம் திருப்புவான். "ஆமாம்மா, அப்படித்தான்" என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

மலைமேல் வான்காயோ என்ற ஊருக்குப் பக்கத்தில் டொன் பெத்ரோ என்பவர் சிறிய கம்பளி நூல் மில் வைத்திருக்கிறார். எங்கள் மில் பழைய மெஷின்களில் இரண்டை அவருக்கு விற்றிருந்தது. பிப்ரவரியில் அவற்றில் ஒன்று நின்றுபோனது. வைத்தி போனான். போகும் வழியில் கணவாயிலிருந்து எனக்குப் பேசினான். பனி பெய்கிறது, ரோடு வெள்ளையாகக் கிடக்கிறது, மூக்கில் உணர்ச்சியே இல்லை என்றான். நான் அப்போது மில்லில் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மெஷின் சரியானது. திரும்பும் நாளில் ரோட்டில் மண் சரிந்து வழி அடைத்துவிட்டது என்று மெசேஜ் வந்தது. மழை மாதங்களில் அந்த ரோட்டில் அது வழக்கம்தான். மலை மொட்டையாக இருக்கும், புல்கூடப் பிடிக்காது. மேலே எங்கோ பெய்யும் மழை, ஓடைகளில் மண்ணையும் பாறையையும் சேர்த்து உருட்டிக்கொண்டு ஒரேயடியாகக் கீழே இறங்கும். இதற்கு உவாய்க்கோ என்று பெயர். மண்ணை அள்ளும்வரை வண்டிகள் வரிசையாக நிற்கும். ரொட்டி விற்பவர்கள் வரிசையோடு நடப்பார்கள். பிறகு போலீஸ் வழியைத் திறந்துவிடும். ஒரு நாள் காத்திருந்துவிட்டு, வழி திறந்ததும் ஷேர் காரில் கிளம்பிவிட்டேன் என்று அடுத்த மெசேஜ் வந்தது. அது காலையில். மத்தியானம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஃபோர்மன் என்னிடம் வந்தார். அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. உவாய்க்கோ என்ற வார்த்தையும் பைத்தி என்ற வார்த்தையும் புரிந்தன. கையிலிருந்த ஸ்பானரை டூல் பாக்ஸில் அதன் இடத்தில் வைத்துவிட்டு அவரோடு கிளம்பினேன்.

மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரின் சுகாதார நிலையத்தில் அவனை வைத்திருந்தார்கள். போகிற வழியெல்லாம் நல்ல வெயில். ஓரிடத்தில் ரோட்டின் குறுக்கே ஓடிய தண்ணீர் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. அதில் சின்னப் பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள். சுகாதார நிலையத்தில் ஒரு இளம் பெண் டாக்டர் துணியை விலக்கினார். முகத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். காதுக்குள் மட்டும் மண் இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக் காட்டி அவர் ஏதோ கேட்டார். வைத்தியத்துக்காகக் கட்டியதா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. அரைஞாண் கயிறுக்கு எனக்கு ஸ்பானிஷில் வார்த்தை தெரியவில்லை. ஆங்கிலத்திலும் தெரியவில்லை. "அம்மா" என்று சொன்னேன். அவர் தலையசைத்து, கயிற்றை அறுக்காமல் விட்டுவிட்டார். அதைக் கட்டியது அம்மாதானா என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் செய்தது நான்தான். அவன் அப்பா எடுத்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் சொல்லி முடித்தேன். பிறகு, "பாடிய அனுப்புவானுவளா?" என்று கேட்டார். அனுப்புவார்கள், நானும் கூட வருவேன் என்றேன். "சரி தம்பி. பேப்பரெல்லாம் சரியாப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தூதரகம், போலீஸ், ஆஸ்பத்திரி, விமானக் கம்பெனி என்று இரண்டு வாரம் ஓடியது. அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். டோனியா எல்சா சூப் வைத்துக் கொடுத்தார், குடித்தேன். இரவில் ஷமீமா போனில் அழுவாள். அவள் அழுது முடியும்வரை நான் சார்ஜரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருவனந்தபுரத்தில் காலையில் இறங்கினோம். ஆம்புலன்ஸ் வந்திருந்தது. டிரைவர் புளியங்குடிக்காரர். ஆரியங்காவு வழியாக மலையேறி, செங்கோட்டைக்கு இறங்கினோம். கணவாய் என்று இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் மலை முடிந்துவிட்டது. தென்காசி, கடையநல்லூர், சிவகிரி. வயல்கள் அறுத்துக் கிடந்தன. சேத்தூர் தாண்டும்போது டிரைவர், "ராஜபாளையத்துல செத்த நேரம் நிப்பாட்டட்டுமா அண்ணே, வீட்டுல பாத்துட்டு வாரிகளா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பஞ்சு மார்க்கெட்டில் எப்போதும்போல் நெரிசல். எங்கள் தெரு முனையில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஷமீமா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள். யூனிஃபார்மில் இருந்தாள், பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டிவந்திருப்பார்கள். வண்டி மெதுவாகத்தான் போனது. அவள் கண்ணாடிக்குள் என்னைத் தேடுவதைப் பார்த்தேன். நான் கையைத் தூக்குவதற்குள் ஒரு டவுன் பஸ் நடுவில் வந்துவிட்டது.

மடவார் வளாகத்தில் தெரு முழுக்க ஆட்கள். பெட்டியை வாசலில் பெஞ்சுமேல் வைத்தோம். மரப்பெட்டிக்குள்ளே தகரப்பெட்டி, அதை ஈயம் ஊற்றி மூடியிருந்தார்கள். அவன் அம்மா செண்பகத்தம்மாளை நான் போனில் மட்டுமே பார்த்திருந்தேன். போனில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். பெட்டியைச் சுற்றி வந்து, கையால் தடவி, எங்கே திறப்பது என்று பார்த்தார்.

"தொறங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் டிரைவர் அவன் அப்பாவைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். நாளாகிவிட்டது, திறக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அப்பா திரும்பி வந்து, "தொறக்க வேண்டாம்" என்றார்.

"தொறக்காம எப்படி? இதுக்குள்ள இருக்கது எம்புள்ளதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேம்மா" என்றேன்.

அவர் திரும்பினார். அதுவரை என்னைக் கவனித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். பக்கத்தில் வந்து என் கண்களைப் பார்த்தார். முகத்தை இல்லை, கண்களை மட்டும், டாக்டர் பார்ப்பதுபோல, ஒன்று மாற்றி ஒன்று.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மூஞ்சில மண்ணு கெடந்துச்சா?"

"இல்லம்மா. தொடச்சி வச்சிருந்தாங்க."

"கண்ணு மூடியிருந்துச்சா?"

"மூடித்தான் இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பெட்டியை அதற்குமேல் திறக்கச் சொல்லவில்லை. காது பற்றி நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. வெயில் சாய்வதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் மறுபடியும் போனேன். வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் அப்பாவும் அம்மாவும், கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கும் தங்கச்சி முத்துலட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பட்டாளத்தில் இருந்தபோது வடக்கே மலை ரோடுகளில் பல வருஷம் கழித்தவர். அவர் கேட்ட கேள்விகளெல்லாம் வேலை தெரிந்தவரின் கேள்விகள்.

"ரோட்ட யாரு தொறந்து விட்டா?"

"போலீஸ்தான்ப்பா. மண்ண அள்ளிட்டு, ஒரு தடவ மேலருந்து வார வண்டி, ஒரு தடவ கீழருந்து போற வண்டின்னு விடுவாங்க."

"கான்வாய் மாதிரி."

"ஆமா."

"மழை விட்டுருந்துச்சா?"

"ரோட்டுல விட்டுருந்துச்சு. அதுக்கும் மேல எங்கயோ பேஞ்சிருக்கு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் செண்பகத்தம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழையே பேயாத ஊருன்னுல்ல சொன்னான்" என்றார். "கொடையே விக்க மாட்டானுவ, துணிய ராத்திரியும் வெளிய போட்டு வைக்கலாம்னான். நீயும்தான் போன்ல ஆமான்ன. பொறவு எந்த மழைல போனான் எம்புள்ள?"

முத்துலட்சுமி போனில் வரைபடத்தை எடுத்து நீட்டினாள். நான் லிமாவைக் காட்டினேன். இது கடற்கரை, இங்கேதான் மழை கிடையாது, இது மலை, இது வேற என்று விரலை நகர்த்தினேன். போன் திரையில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்தான் இருந்தது. "இதுக்குள்ள எப்படிய்யா மாறும்? நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு எங்கிட்டப் பொய் சொல்லிருக்கிய" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னார். இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அங்கே வெயில் காலமும் மலையில் மழைக்காலமும் ஒரே மாதத்தில் வரும் என்றேன். அதைத் தமிழில் சொல்லும்போது எனக்கே பொய் மாதிரிதான் இருந்தது.

கடைசியில் அப்பாதான் பேசினார். "இந்தா பாரு, நம்ம மலையடில செண்பகத்தோப்புக்கு ஆடில போனோம்லா. ஒரு பொட்டு மழை இல்ல. வெயில் அடிக்கி. ஆத்துல காலை நனைச்சிக்கிட்டு நிக்கோம். திடீர்னு எல்லாரும் கரையேறு கரையேறுன்னு கத்துதான். மேல பேஞ்சது நமக்குத் தெரிஞ்சுதா?"



"காட்டாறா" என்றார் செண்பகத்தம்மாள்.

"ஆமாம்மா" என்றேன். "காட்டாறுதான். தண்ணிக்குப் பதிலா மண்ணு."

"அப்ப அவன் பொய் சொல்லல."

"சொல்லல."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். முத்துலட்சுமி எழுந்துபோய் மிக்சியை ஓடவிட்டாள். உள்ளே எதுவும் அரைக்கவில்லை, வெறும் சத்தம். அப்பா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, வாரேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு மாதம் இருந்தேன். டீக்கடையில் தெரிந்தவர்கள், "அங்க இப்ப என்ன சீசன் பாய்?" என்று கேட்டால், கோடை என்று சொல்ல வாயெடுத்து, எந்தப் பக்கத்துக் கோடை என்று யோசித்து, கடைசியில் நல்லாருக்கும் என்று சொல்லிவிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் மாடியில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே மலை கறுத்து, கோடை மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கப் பெண்கள் மாடிக்கு ஓடிவந்து துணியை எடுத்தார்கள். ஷமீமாவும் ஓடிவந்து கொடியிலிருந்ததை உருவிக்கொண்டு இறங்கினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மழையில் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியபிறகு, மகள் கீழேயிருந்து, "அத்தா, நனையுது" என்று கூப்பிட்டாள். என்ன நனைகிறது என்று சுற்றிலும் பார்த்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஷமீமா, "திரும்பப் போகணுமா?" என்று கேட்டாள்.

"கான்ட்ராக்ட் இருக்குல்ல."

"அவருக்கும்தான் இருந்துச்சு" என்றாள்.

ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்று யாராவது கேட்டால் மகள் படிப்பு, வீடு என்று சொல்வேன். அவை உண்மைதான். ஆனால் பெட்டியை அடுக்கும்போது அவை எதுவும் மனதில் இல்லை. டிக்கெட் இருந்தது, தேதி வந்தது, கிளம்பினேன். புலம்பெயர்ந்து வாழ்பவர்களில் சிலருக்காவது இது தெரிந்திருக்கும். முதல் தடவை போவதற்குத்தான் காரணங்கள் வேண்டியிருக்கின்றன.

லிமாவில் வெயில் போய்விட்டிருந்தது. வைத்தியின் அறையில் வெனிசுவேலாவிலிருந்து வந்த ஒரு பையன் குடியேறியிருந்தான். டோனியா எல்சா என்னைக் கட்டிப்பிடித்து, அவன் அம்மா அவனைப் பார்த்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவருக்குத் தெரிந்த அளவில் ஆறுதலாக, உங்கள் ஊரில் இப்போது குளிரா என்று கேட்டார். நான் ஆமாம் என்றுவிட்டேன்.

மே மாதத்திலிருந்து செண்பகத்தம்மாள் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். முத்துலட்சுமி போனில் வானிலை பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பெருவில் அவருக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் அதில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு ஊரில் மேகம் என்று காட்டும், இன்னொன்றில் இடி என்று காட்டும். காட்டுப் பக்கத்து ஊர் ஒன்றையும் யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அங்கே தினமும் மழைதான், அதனால் தினமும் எனக்கு மெசேஜ் வரும். நான் இருக்கும் இடத்திலிருந்து அந்த ஊர் ஒன்றரை நாள் பயணம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சரி சரி என்றார். மறுநாளும் அனுப்பினார். என் அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அந்தக் குரலில் என்னிடம் கேட்பதற்கு ரொம்ப நாளாக யாரும் இல்லை. ஒவ்வொரு மெசேஜையும் முழுதாகக் கேட்பேன். கேட்டு என்ன தோன்றுகிறது என்று என்னையே கவனித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் எதுவும் தோன்றாது.

ஜூன் கடைசியில் டொன் பெத்ரோவின் இன்னொரு மெஷின் நின்றது. மில்லில் வேறு ஆள் இல்லை. நான் போனேன். ஷேர் காரில் முன்சீட் கிடைத்தது. டிரைவர் நடுவயதுக்காரர், கன்னமெல்லாம் வெயிலில் வெடித்திருந்தது. லிமாவின் மூட்டம் ஒரு மணி நேரத்தில் காலுக்குக் கீழே போய்விட, மேலே வானம் நீலமாகத் திறந்துகொண்டது. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வைத்தியின் கார் மண்ணில் சிக்கிய இடத்தை ஃபோர்மன் முன்பே அடையாளம் சொல்லியிருந்தார். வந்தபோது பார்த்தேன். புதுசாகத் தார் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் சீஸ் விற்றுக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்த ஒருவர் நிறுத்தச் சொல்லி வாங்கினார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். சாப்பிட்டேன். உப்பு அதிகம்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே போனில் சிக்னல் வந்தது. மெசேஜ் இருந்தது. காதில் வைத்துக் கேட்க நினைத்தேன். எங்கோ விரல் பட்டு, ஸ்பீக்கரில் வண்டி முழுக்க ஒலித்தது.

"சிக்கந்தரு, நான் செண்பகம் பேசுதேன். இங்க மலைல சாரல் ஆரம்பிச்சிட்டு. ஒங்க ஊரப் போட்டா மேகமாக் காட்டுது. மலைப்பக்கம் எங்கயும் போயிராத, என்ன. அப்படியே போனாலும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. எங்க வீட்ல அவிய ஒன்னக் கேட்டாக. சாப்ட்டியா?"

பின்சீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டியில் யாருக்கும் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "து மமா?" என்று கேட்டார். உங்கள் அம்மாவா என்று.

"சி" என்றேன். ஆமாம்.

"என்ன சொல்கிறார்?"

"மழை வருமா என்று கேட்கிறார்."

அவர் சிரித்தார். குனிந்து கண்ணாடி வழியாக வானத்தைக் காட்டினார். ஒரு பொட்டு மேகம் இல்லை. "இப்போது வெரானோ, கோடைக்காலம். மழை இல்லை என்று சொல்லுங்கள்" என்றார்.

நான் பட்டனை அழுத்திப் பிடித்தேன். இங்க மழை, என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். அதை அழித்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன். "சாப்பிட்டேம்மா" என்று மட்டும் சொல்லி விரலை எடுத்தேன். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கியது. சிக்னல் போய்விட்டது.